அம்மாவுக்கு நான் வைத்த பிறந்தநாள்

அயர்லாந்துக்குப் போய்வந்தவர்கள் படம் காட்டத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். போன கிழமை வேலையிடத்தில் ஒருத்தி ஃபோனை நீட்டி, இந்தப் பாறையைப் பார், இந்த ஆடுகளைப் பார், வாழ்க்கையில் ஒருதரமாவது நீ போகவேணும் என்றாள். போயிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பி குடித்த கோப்பையைக் கழுவப் போனேன். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். பதினைந்து வருசமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. யாரில் கோபம் என்பதுதான் இடைக்கிடை மாறிக்கொண்டிருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் இருந்தோம். அப்பா லொறி ஓட்டுபவர். மேற்குப் பக்கம் போனால் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் அவர் முகத்தைக் காணலாம். அம்மா, வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை செய்தார். அந்த மனுசிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் அம்மாதான். வீட்டில் நாங்கள் அவரைக் கிழவி என்றுதான் சொல்வோம். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதில் ஒரு செல்லம் இருக்கும்.

கிழவி பிறந்தது அயர்லாந்தில். கண்ணை மூடமுதல் ஒருக்கால் ஊரைப் பார்க்கவேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரின் மகள் ஏழு நாள் பஸ் சுற்றுலா ஒன்றுக்கு ஒழுங்கு செய்தாள். வீல்செயாரைத் தள்ள, தாயைத் தூக்கி இருத்த ஆள் வேண்டுமே, அம்மாவைக் கேட்டாள். பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லை என்று அம்மா சொல்ல, சரி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்றாள். அந்தப் பெரிய மனசைப் பற்றி அம்மா பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பார். எனக்கு இப்போது நினைக்கப் பல்லைக் கடிக்க வருகிறது.

கட்டடத்தில் அம்மா சொன்னது வேறு கதை. "அயர்லாந்துக்கு ரூர் போறம்." லிஃப்ரில் கண்ட அன்ரி ஒருவர், "உங்களுக்கென்ன, குடுத்து வைச்சனீங்கள்" என்று பெருமூச்சு விட்டார். அம்மா சிரித்தார். நானும் அதை அப்படியே நம்பினேன். வகுப்பில் எழும்பி நின்று பெருமையடித்தேன். அம்மா தனக்கு மெரூன் நிறத்தில் ஒரு புது ஜக்கெற்கூட வாங்கினார். சுற்றுலா போகாதவர் எதற்குப் புது ஜக்கெற் வாங்குகிறார்?

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு விசயம்தான் முக்கியமாக இருந்தது. அம்மாவுக்குக் கடல் காட்டவேணும். அம்மா வளர்ந்தது பருத்தித்துறைப் பக்கம், கடலுக்கு முன்னால் வீடு. கனடாவுக்கு வந்தபிறகு அவர் கடலைக் காணவேயில்லை. ஒரு கோடையில் அப்பா எங்களை பிளஃப்ஸ் கரைக்குக் கூட்டிப்போய், இந்தா, கடல் மாதிரித்தானே கிடக்கு என்று ஏரியைக் காட்டினார். அம்மா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லை. உது வெறும் குளம்." பிறகு நேரே காருக்குப் போய் ஏறிவிட்டார். காரின் பின்சீற்றில் இருந்து அம்மாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தது எனக்கு நல்ல ஞாபகம்.

அயர்லாந்தில் பஸ் ஓட்டுபவரே வழிகாட்டியும். உருண்டையான, சிவந்த முகம். வாய்க்குப் பக்கத்தில் ஒரு மைக். ரோட்டின் இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்பது போலக் கல் மதில்கள், முதுகில் நீலமும் சிவப்பும் பூசின செம்மறிகள், கூரையில்லாத தேவாலயங்கள், ஒரு நாளைக்கு ஐந்து மழை. ஒவ்வொரு கல்லுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு பாட்டு. இரண்டாம் நாள் பயணிகளில் ஒரு கிழவருக்குப் பிறந்தநாள் வந்தது. வழிகாட்டி பஸ்ஸை ஓரத்தில் நிறுத்தி, இருபது பேரையும் பாட வைத்து, அடுத்து வந்த கோட்டையில் அவரைத்தான் முதலில் இறக்கி ராசா மாதிரிக் கூட்டிப்போனார். நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அம்மா இறங்கவேயில்லை. தரை சமமாயிருந்த இரண்டொரு இடத்தில் கிழவியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் படி, சேறு, கல். மகளும் அவள் புருசனும் முதல் ஆளாய்க் குதித்து இறங்குவார்கள். பஸ் காலியாகும். கடைசி வரிசையில் அம்மாவும் கிழவியும். அம்மா தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகக் கிழவியின் வாயில் வைப்பார்.

"அம்மா, நீங்களும் வாங்கோவன்."

"எனக்குத் தலை சுத்துது பிள்ளை. நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

அடுத்த இடத்தில் கால் நோ. அதற்கடுத்த இடத்தில் குளிர். எனக்கு அம்மாவில்தான் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து பஸ்ஸுக்குள் குந்திக்கொண்டிருக்கிற மனுசி உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? புது ஜக்கெற்றின் விலைத்துண்டை மட்டும் வெட்டியிருந்தார், மழையில் ஒருதரம்கூட நனைய விடவில்லை. மகள் திரும்பி வந்து ஏறும்போதெல்லாம், "எங்கள் தேவதை! நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்?" என்று இனிக்க இனிக்கச் சொல்லுவாள். தேவதைக்குப் பின்சீற். தேவதைக்கு மிச்ச சான்ட்விச். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது, சனியன்.

நாலாம் நாள் காலை வழிகாட்டி சொன்னார், இன்றைக்குத்தான் பயணத்தின் உச்சம், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறைகள், அதைத் தாண்டினால் அமெரிக்கா வரைக்கும் வெறும் கடல். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை கிழவியின் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு அப்படியே நின்றது.

"அம்மா, இண்டைக்கு இறங்குவீங்கள்தானே?"

"கடல் என்ன எனக்குப் புதிசே?" என்றார் அம்மா.

பொய். எனக்குத் தெரியும் பொய் என்று. தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் நான் நேரே வழிகாட்டியிடம் போய், இன்றைக்கு என் அம்மாவின் பிறந்தநாள், கூச்சத்தில் யாருக்கும் சொல்லமாட்டார் என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

பாறைக்குப் போகும் கார்த் தரிப்பிடத்தில் பஸ் நின்றதும் மைக் முழங்கியது. அம்மாவின் பெயரை அந்த மனுசன் மூன்று துண்டாக உடைத்துத்தான் சொன்னார், இருந்தாலும் அம்மாவின் பெயர். இருபது பேர் கை தட்டிப் பாடினார்கள். அம்மா முதலில் யாருக்கோ என்று தானும் சேர்ந்து கை தட்டினார். பிறகு விளங்கியது. இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். கிழவி தன்னுடைய நல்ல கையால் அம்மாவின் தோளைத் தள்ளி, போ, போ என்றார். எல்லாரும் மகளின் பக்கம் திரும்பினார்கள்.

"போய்ப் பார், தேவதை. அம்மாவோடு நான் இருக்கிறேன்." இருபது பேர் கேட்க அவள் சொன்னது இது. என்னுடைய இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

நான் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வழிகாட்டி எங்களுக்கு முன்னால் நடந்தார். புல் மேட்டில் ஏற ஏறக் காற்று முகத்தில் அறைந்தது. வாயைத் திறந்தால் உப்பு. "அம்மா, உப்பு! உப்பு!" என்று கத்தினேன். மேலே போய் நின்றதும் கீழே, எத்தனையோ ஆழத்தில், வெள்ளையும் கறுப்புமாகக் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் விளிம்புப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன். காற்று என் ஜக்கெற்றின் தொப்பியைப் பின்னாலே இழுத்தது. உதறிவிட்டேன், திரும்பவும் இழுத்தது. வழிகாட்டி என்னுடைய சின்னக் கமெராவை வாங்கி, சிரிக்கச் சொல்லாமல், பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்தார்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடலைப் பாருங்கோ அம்மா!"

"பாத்திட்டன், பாத்திட்டன்." தலை திரும்பவேயில்லை.

"எங்க பாத்தனீங்கள்? பஸ்ஸை எல்லோ பாக்கிறீங்கள்!"

அப்போதுதான் அம்மா என் கையை வெடுக்கென்று பிடித்துக்கொண்டு இறங்கி ஓடத் தொடங்கினார். தரிப்பிடத்தில் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி, ஃபோனைக் காதில் வைத்தபடி கடைகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டு, திட்டிக்கொண்டு இழுபட்டேன். மூன்று நிமிசம்கூட நின்றிருக்கமாட்டோம்.

பஸ்ஸுக்குள் கிழவி இரண்டு சீற்றுக்கு நடுவே விழுந்து கிடந்தார். கடல் தெரியும் பக்கத்து யன்னலுக்குப் போகத் தனியே எழும்பியிருக்கிறார். நெற்றியில் இரத்தம். அம்மா முழங்காலில் இருந்து அவரைத் தூக்கி மடியில் வைத்து, ஜக்கெற்றின் கையால் இரத்தத்தை அழுத்திப் பிடித்தார். அதற்குள் மகள் ஓடிவந்தாள். காயத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, தொண்டை கிழியக் கத்தினாள். உன்னை எதற்குக் கூட்டிவந்தேன், என் தாயை இப்படித்தான் விட்டுவிட்டுப் போவாயா என்று.

"நீங்கள்தானே இருப்பதாகச் சொன்னீர்கள்!" என்று நானும் கத்தினேன். ஏறி வந்த ஒருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்னொருவர் பையைத் திறந்து எதையோ தேடினார். பாடின வாய்கள் இருபதும் மூடிக்கொண்டன.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது, அது இன்னும் மோசம். "உன்னுடைய பாஸ்போட்டை வைத்து ரிக்கெற் போட்டது நான். உன் பிறந்தநாள் ஜனவரியில். இந்தப் பொய்யை யார் சொன்னது?"

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லாரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. இரத்தம் பட்ட கை. "நான்தான், மேடம். எனக்குக் கடல் பார்க்க ஆசை. பிழை என்னுடையது. மன்னியுங்கள்." பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தத் தலைகுனிவை என்னால் தாங்க முடியவில்லை. பின்னேரம் ஹொட்டலில் கிழவி நெற்றியில் கட்டோடு நித்திரையானதும், குளியலறை வாசலில் நின்று அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன். உங்களுக்காகத்தான் பொய் சொன்னன், பஸ் முழுக்க உங்களுக்குப் பாடினது, அவ்வளவு கடலை வைச்சுக்கொண்டு நீங்கள் ஒருக்காலாவது திரும்பிப் பாத்தனீங்களே, ஏன் அவளிட்ட மன்னிப்புக் கேட்டனீங்கள், உங்களுக்கு வெக்கமில்லையே என்று. அம்மா மெரூன் ஜக்கெற்றின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார். "மெல்லமாக் கதை. அவ எழும்பிடுவா" என்றார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி இரண்டாம் நாள், இனி வரத் தேவையில்லை என்று ஃபோன் வந்தது. லிஃப்ரில் அதே அன்ரி, "எப்பிடி ரூர்?" என்று கேட்டார். "நல்ல இடம். பச்சைப்பசேலெண்டு" என்றார் அம்மா. நான் லிஃப்ரின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கமெராவில் இருந்த படங்களை அப்பா கழுவிக்கொண்டு வந்தபோது அந்தப் பாறைப் படத்தை மட்டும் உருவி என் பழைய அட்லஸுக்குள் வைத்துவிட்டேன். நான் கடலுக்கு நேரே கையை விரித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் அம்மா மட்டும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன கிழமை, வேலையிடத்தில் கோப்பை கழுவின அன்றைக்கு, வீட்டுக்கு வந்து அட்லஸைத் தேடி எடுத்தேன். பழைய கோபத்தோடுதான் எடுத்தேன். அம்மாவின் கண் அதே மாதிரிக் கீழே பஸ்ஸில்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் இடது கையை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. அது பின்னால் நீண்டு, என் ஜக்கெற்றின் தொப்பியைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

அது காற்றில்லை.

பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. அம்மா அங்கே வேலைக்கு வந்தவர். அந்த வேலையிலிருந்து ஒரு மூன்று நிமிசத்துக்கு அவரை இழுத்துக்கொண்டுபோய், செங்குத்துப் பாறையின் விளிம்பில் என்னையும் ஒரு வேலையாக அவர் கையில் கொடுத்துவிட்டு, கடலைப் பாருங்கோ, கடலைப் பாருங்கோ என்று கத்தியிருக்கிறேன்.