வெளியே தெரியாத வீக்கம்

லண்டன் மருத்துவமனை ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளர். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் இரத்தத்தை ஆராயும் ஆய்வுக்கு, ஊரில் நடந்த போருக்குத் தப்பி வந்த ஒருவர் வந்திருந்தார். லூயிஷாம் பகுதியில் பஸ் ஓட்டுபவர். நெடிய உருவம், நரைத்த மீசை. காத்திருந்த இடத்திலும் மருத்துவரின் அறையிலும், கதவு தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

உடம்புக்குள் வீக்கம் இருப்பதாக மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"ஒரு இடமும் வீங்கேல்லையே, தங்கச்சி?"

"வெளியில தெரியாது, அண்ணை. வயித்துக் கொழுப்பில நோய் எதிர்ப்பு அணுக்கள் சேர்ந்து, கிருமி இல்லாமலே ஆபத்து எண்டு ஒண்டுக்கொண்டு செய்தி அனுப்புதாம். அந்தச் செய்தியள்தான் இன்சுலினை வேலை செய்ய விடுகுதில்லையாம்."

ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, ஆபத்து முடிஞ்சுது எண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது?"

கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் யோசித்துவிட்டு, தங்களுக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். இந்த ஆய்வால் அவருக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம் என்றார்.

"பரவாயில்லை. என்ர மகளுக்கும் இப்பவே சீனி கூடுதாம். எடுங்கோ" என்று கையை நீட்டினார்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் கேட்டதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.