பயன் சொல்ல மறுத்த செல்லத்துரை அண்ணை

செல்லத்துரை அண்ணை போய்விட்டார். இன்று விடியற்காலை, கரவெட்டியில்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புராணப் படிப்பில் ஒருவர் செய்யுளைப் படிப்பார். அருகிருப்பவர் அதன் பொருளைச் சபைக்கு எடுத்துரைப்பார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். எங்கள் கோயிலில் படித்தவன் நான். பயன் சொன்னவர் அவர்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தெற்கிலிருந்து அகதியாகக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர். கலவரம்... பழக்கதோஷத்தில் நானும் அப்படியே எழுதிவிட்டேன். இரு பக்கமும் மோதினால் அல்லவா கலவரம்? அங்கே அடிபட்டது தமிழர் மட்டும்.

தெற்கில் தமையனும் தம்பியுமாகப் பேக்கரி நடத்தினார்கள். கும்பல் வந்தபோது தமையன் கதிரவேலு, தம்பியை ஆறிக்கிடந்த போறணை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தமையனை முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். கதவு இடுக்கால் இவர் பார்த்தார்.

அடுத்த ஆண்டுப் படிப்பில் அசுரனின் நகர் எரியும் இடம் வந்தது. சபை விரும்பிக் கேட்கும் பகுதி. நான் படித்து நிறுத்தினேன். பயன் வரவில்லை.

"உது அசுரன்ரை ஊர், செல்லத்துரை. உன்ரை பேக்கரி இல்லை" என்றார் கோயில் முகாமையாளர். சிலர் சிரித்தார்கள்.

"ஓம். ஆனா எரியேக்கை ஆக்கள் கத்திறது ஒரே மாதிரித்தான்."

தமையனுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கினார். உடனே மணியை அடிக்கச் சொன்னார்கள். சந்நிதியில் சாவுத் துடக்குக் கதை ஆகாதாம்.

இறைவன் திருமுன் சொல்லத்தகாத உண்மை எது? அன்றே கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

எழுபத்தேழில் மீண்டும் அகதிகள் வந்திறங்கினார்கள். அரசு சார்பில் விசாரிக்க வந்தவர்கள் முன் இவரும் சாட்சி சொல்லப் போனார். நானும் உடன் சென்றேன். இந்த ஆண்டு நடந்ததை மட்டுமே கேட்போம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வெளியே வந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். "அண்ணை கொஞ்சம் பிந்திச் செத்திருக்கவேணும் போலை" என்றார்.

பிள்ளைகள் வெளியிட்ட மரண அறிவித்தலைச் சற்றுமுன் பார்த்தேன். 'காலஞ்சென்ற கதிரவேலுவின் அன்புச் சகோதரரும்' என்றிருக்கிறது.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா காலஞ்சென்றவர் அல்லர். எரித்துக் கொல்லப்பட்டவர். உங்கள் தகப்பன் ஆயுள் முழுக்கச் சொல்ல முயன்றது இந்த ஒன்றைத்தான்.

அண்ணை, இங்கே எழுதிவிட்டேன். மணி அடிக்க இங்கே ஆளில்லை.

போய்வாருங்கள்.