பட்டர்வொர்த் பன்றிப் பண்ணையில் கேட்ட நியாயம்

காலை ஏழு மணிக்கு ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் வேனோடு படகேறினோம். தெற்கே கட்டிக்கொண்டிருந்த பினாங்குப் பாலத்தின் தூண்கள் மட்டும் கடலுக்குள் நின்றன. ஓட்டுநர் செல்வம், கெலுகோர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி, சென்னையிலிருந்து போன கால்நடை மருத்துவர் நான். என் கைப்பையில் மாமியார் கொடுத்தனுப்பிய கோயில் எலுமிச்சம்பழம். கல்யாணமாகி ஏழு வருஷமாகக் குழந்தையில்லை. எனக்குச் செய்யாத பரிசோதனை இல்லை. கணவரோ ஒருமுறைகூட மருத்துவமனை வாசலை மிதித்ததில்லை. இந்தத் தை பிறந்ததும் அவருக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு.

நான் போனது பன்றிகளுக்காக. விந்துத் திரவத்திலுள்ள புரதங்கள் உயிரணுமேல் போர்வைபோல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கின்றன. லேண்ட்ரேஸ், யார்க்‌ஷயர், டியூராக் என்று இனத்துக்கு இனம் அந்தப் புரதங்களின் அளவு மாறுகிறதா, குட்டிகள் கூடுவதும் குறைவதும் அதனால்தானா என்பதே எங்கள் கேள்வி.

பட்டர்வொர்த்திலிருந்து அரைமணி நேரத்தில் பண்ணை வந்தது. முதலாளி லிம் தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்த சீனர். அவருடைய டியூராக் ஆண்பன்றியோடு சேர்ந்த பெண்பன்றிகள் எதுவும் சினைப்படவில்லை.

"பெண்பன்றிகளைப் பரிசோதித்தீர்களா?" என்றேன்.

"எதுக்கு லா? பொம்பளப் பன்னி பதினஞ்சு இருக்கு. ஆம்பள ஒண்ணுதான். ஒண்ணப் பாத்தா போதும்."

அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சூடேறியது.

ஆண்பன்றியின் விந்து மாதிரியைக் குடுவையில் எடுத்து வேனுக்கு வந்தால், செல்வம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வைத்திருந்தான்.

"வெயிலு பொல்லாத வெயிலு லா, அக்கா."

"ஐயோ தம்பி, இது தடுப்பூசி இல்ல. ஐஸ் பட்டா எல்லாம் செத்துரும் லா!" என்று யோகேஸ்வரி பதறினாள். பன்றியின் உயிரணு அவ்வளவு குளிர் தாங்காது. ஐஸைக் கொட்டிவிட்டு, குடுவையை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஆய்வகத்தில், பிரித்துச் சாயமேற்றிய புரதங்கள் நீலக் கோடுகளாகத் தெரிந்தன. மற்ற பண்ணை டியூராக்குகளில் தடித்திருந்த கோடு இதில் மங்கலாக இருந்தது. முந்தின நாளே நுண்ணோக்கியில் பார்த்தபோதும் உயிரணுக்களின் அசைவு குறைவு. ஒரு பன்றியை வைத்து இனத்தையே பழிக்க முடியாது. குறை இதனுடையதாகவே பட்டது. லிம்முக்குத் தொலைபேசியில் சொன்னோம். "அப்ப வேற ஆம்பள வாங்கணும்," என்றார், அவ்வளவுதான். யாருக்கும் மானம் போகவில்லை.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையம். யோகேஸ்வரி வழியனுப்ப வந்திருந்தாள்.

"அத்தானுக்கு என்ன வாங்கினீங்க அக்கா?"

"டேப் ரிக்கார்டர். அவர் கேட்டது."

"அவர் கேக்காதது?"

ஏழு வருஷக் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். அதனால் அவள் எதைச் சொல்கிறாள் என்று புரிந்து, சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கைப்பையில் எலுமிச்சம்பழம் வாடிக் கிடந்தது. அதை அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். ஊரில் இறங்கியதும் அவரிடம் டேப் ரிக்கார்டரைக் கொடுத்துவிட்டு, நேரே மருத்துவமனைக்குக் கூப்பிடப் போகிறேன். லிம்மாவது பதினைந்தை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் பரிசோதிக்காமல் மிச்சமிருப்பதே ஒருவர்தான்.