கடைசி பெஞ்சுக்கு முதல் அழைப்பு

தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் பிறந்த நான், அங்கிருந்த எங்கள் தமிழ்ச் சபைக்கே போதகராக வந்தேன். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முதலில் முன்வரிசைக் கிராணிகளை, அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்களை, அழைப்பதுதான் அங்கே வழக்கம். மூட்டை தூக்குகிறவர்கள் கடைசி பெஞ்சில் காத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சை முதலில் அழைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் என்னை மறித்தார். துறைமுக ஆபீசில் அவர் பெரிய கிராணி.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, ஐயா? நீங்க செஞ்சது அரசியல். அதான் வேணும்னா அங்கியக் கழட்டிட்டுப் போங்க லா.”

அங்கே வைத்தே கழற்றி, மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்றேன். கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தேன்.

நான் மக்களிடம் குறை கேட்க உட்கார்ந்த முதல் மாலை, குடியிருப்பே வரிசையில் நின்றது. செயலாளரும் மகனுக்கு வேலை கேட்டு வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்து, “ஐயா, நம்ம பையன் விஷயமா...” என்று ஆரம்பித்தார்.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பின்னால போய் நில்லுங்க லா” என்றேன்.

போய் நின்றார். அதற்காக நான் இன்றுவரை பாவமன்னிப்புக் கேட்டதில்லை.