நல்ல தண்ணீரில் வளர்ந்த படிகம்

அன்று காலை ஆறு பத்துக்கு மகள் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். தட்டினால் மின்சாரம் பிறக்கும் ஒருவகை உப்பின் படிகம் ஒன்றை வளர்த்துக் காட்டினால்தான் அவளுக்கு விஞ்ஞான வகுப்பு. இல்லையேல் தையல் வகுப்பு.

அந்த உப்பை மழைநீரில் கரைக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தார்கள். அது அழுக்கென்று என் மனைவி எங்கள் நல்லதண்ணீர்க் கிணற்றிலிருந்து அள்ளிக் கொடுத்திருந்தாள்.

"வீட்டுக்கு வாறவைக்கும் உந்தத் தண்ணியைத்தானே குடுக்கிறம்," என்றாள்.

சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீர். படிகம் கஞ்சிபோல வெளுத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தோம். மின்சாரம் பிறந்தால் கேட்பதற்காகக் கம்பியால் இணைத்திருந்த காதுக்கருவியில் ஒரு சத்தமும் இல்லை. நான் தையல் பெட்டியைத் தேடி எடுத்து வைத்தேன்.

எட்டு மணிக்கு விஞ்ஞான ஆசிரியை படிகத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல படிகம் எல்லாரிட்டையும் கிடக்கு, பிள்ளை. சுண்ணாம்பு கலந்தால் என்ன நடக்கும் எண்டு காட்ட எனக்கு இதுதான் வேணும். நாளைக்கு விஞ்ஞான வகுப்புக்குக் கொண்டு வாரும்."