கதவுக்கு மேலே ஒரு கை

காலை ஆறு நாற்பதுக்கு நகராட்சிக் குப்பை வண்டியின் பாட்டு தெருமுனையில் கேட்டது. அடுப்பில் மகனுக்குப் பால் வைத்திருந்தேன். தீயைக் குறைத்துவிட்டு, மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு வாளி என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது பின்னால் கதவு மெல்ல நகர்ந்து வருவது தெரிந்தது. அது வழக்கம்தான். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அது வழக்கமில்லை.

வாளிகளோடு அப்படியே நின்றேன். சாவி உள்ளே பீரோவின் உச்சியில். போன் உள்ளே சார்ஜரில். நான்கு வயது மகன் உள்ளே தூக்கத்தில். பால் அடுப்பில்.

அந்தச் சத்தத்தை முதல் நாள் மாலை வரவழைத்தது நானேதான். அதைச் சொல்வதற்கு முன் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. எங்களுக்கு அப்பால் கரும்புக் கொல்லைகள், அதற்கும் அப்பால் கல்வராயன் மலை. ஆடி மாதத்தில் மலைப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு முதலில் அகப்படுவது எங்கள் வாசல்தான். வீடு கட்டும்போது திருக்கோவிலூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் கணவர் அங்கிருந்து ஒரு வேங்கை மரக் கதவை நிலையோடு வாங்கி வந்தார். ஒற்றைக் கதவு. இறக்கியவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இறக்கினார்கள். அவருக்குப் பெருமை. எனக்கு முதல் நாளிலிருந்தே அதன் மேல் பயம்.

போன ஆடியில் ஒரு நாள், மகன் வாசற்படியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே வந்தான். அவன் டம்ளரை வாயில் வைக்கும்போது காற்றில் கதவு அறைந்தது. பஸ் இரண்டு துண்டாகக் கிடந்தது. நாங்கள் குழந்தைக்காக வெகுகாலம் காத்திருந்தவர்கள். என் நாற்பதாவது வயதில் பிறந்தவன் அவன். அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அந்த வாரமே, கதவை அறைய விடாமல் மெல்லத் தானாக மூடும் டோர் குளோசர் வாங்கினோம். கதவின் எடை என்ன என்று கடைக்காரர் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? கதவின் அகலத்தையும் கனத்தையும் கையால் காட்டியதும், இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார். கறுப்பாக ஒரு பெட்டி, அதிலிருந்து முழங்கை மாதிரி மடங்கி நீளும் இரும்புக் கை. பெட்டியைக் கதவின் மேல்பகுதியில் பொருத்த வேண்டும். கையின் நுனியை மேலே நிலையில் திருக வேண்டும். பெட்டியைக் கதவில் பொருத்துவது சுலபமாக முடிந்தது. நிலையில் ஓட்டை போடத்தான் கணவருக்கு மனம் வரவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற நிலை. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது என்று தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

“ஏங்க, மன்னிப்பு கேட்டு முடிச்சீங்களா? டிரில்ல கை வைங்க.”

“நீ சும்மா இரு. வேங்கைன்னா இன்னா நெனச்சிக்கினு இருக்க? டிரில்லே அழுவுது பாரு.”

பொருத்தியது அவர், சரிபார்த்தது நான். மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன். துளித் துளியாக அளந்து பழகிய கை. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஒன்று, திறந்த கதவு எவ்வளவு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பதற்கு. மற்றது, கடைசி ஒரு சாண் தூரத்தில் பூட்டு விழும்படி அழுத்த வேண்டுமா, அடங்கிப் போக வேண்டுமா என்பதற்கு. வலப்பக்கம் திருகினால் மெதுவாகும், இடப்பக்கம் திருகினால் வேகமாகும். ரொம்பத் திருகினால் எண்ணெய் கசியும். நான் இரண்டையும் வலப்பக்கமே திருகினேன். கதவு ஏதோ யோசித்துக்கொண்டே வருவதுபோல் வந்து, நிலைக்கு ஒரு கையகல இடைவெளி விட்டு நின்றது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. விரல் நசுங்காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குளோசர் இருந்தாலும் கீல் பக்கத்துச் சந்தில் விரல் விட்டால்? மகனைக் கதவின் பக்கமே வரவிடக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கிணற்றிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி வைப்பது எப்படியோ அப்படித்தான் செய்தேன். பூச்சாண்டியை அழைத்தேன். “மேல பாத்தியா, கறுப்புக் கை? கதவத் தொடற பசங்கள அது புடிச்சுக்கும்” என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்து, யாரும் தொடாத கதவு தானாக நகர்ந்து வந்தது. கை மெல்ல மடங்கியது. நான் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வாரக்கணக்கில் கதவு அந்தக் கையகல இடைவெளியோடுதான் நின்றது. பால் வாங்க, குப்பை போட, துணி எடுக்க எல்லாவற்றுக்கும் நான் சாவியில்லாமல் போய்வரப் பழகிவிட்டேன். கணவர்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். திங்களன்று மலையேறினால் வெள்ளியன்றுதான் இறங்குவார். “பூனை வருது, ஓணான் வருது. நாளைக்கு நான் மலையேறிட்டா வேற எதுனா வந்தா இன்னா பண்ணுவ? கதவுன்னா சாத்தணும்” என்றார். அவர் அப்படிச் சொன்ன ஞாயிறு மாலையே இரண்டாவது ஸ்க்ரூவை இடப்பக்கம் கொஞ்சம் திருகினேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். கதவு வந்தது, இடைவெளியில் தயங்கியது, பிறகு தானே அழுத்திக்கொண்டு ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்க முடியாத நைட் லாட்ச் விழுந்த அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. திரும்பத் திரும்பத் திறந்துவிட்டுக் கேட்டேன். சோபாவின் மறுகோடியிலிருந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, கை இன்னிக்கி கோவமா இருக்குது” என்றான்.

திங்கள் விடியற்காலையில் கணவர் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீட்டின் இன்னொரு சாவி அவர் சட்டைப் பையில்.

வாளிகளைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன். வேங்கை அசையவில்லை. பின்பக்கம் ஓடினேன். சமையலறைக்குள் இருக்கும் பின்கதவின் மேல் தாழ்ப்பாளை இரவில் போட்டதே நான்தான். எதிர்வீட்டு அண்ணன் பல் துலக்கிக்கொண்டு நின்றார். பஞ்சர் கடை வைத்திருப்பவர். நான் சொல்லி முடிப்பதற்குள் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அண்ணனின் போனிலிருந்து என் கணவருக்கு அடித்தோம். கச்சிராயபாளையம் தாண்டிவிட்டால் மலைப்பாதையில் டவர் கிடைக்காது. அடித்துக்கொண்டே இருந்தோம்.

சமையலறை ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது. அதில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து, மேடையில் ஓடிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் அடியில் நீல வெளிச்சம் இல்லை. தீ அணைந்திருந்தது. அணைந்துவிட்டதே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

“கேஸு” என்றேன்.

அண்ணன் ஒரு செங்கல்லால் கண்ணாடியை உடைத்தார். வாடை முகத்தில் அறைந்தது. அடுப்பு எதிர்ச் சுவரில், சிலிண்டர் அதற்குக் கீழே. கம்பிக்குள் கைவிட்டால் எட்டாது. குப்பை வண்டியோடு வந்த அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார். “மொதல்ல கரண்ட்ட புடுங்கு! புள்ள லைட்டு கிட்டு போட்டுட்டா?” என்று கத்தினார். அண்ணன் வெளியே இருந்த மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்கினார். யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார்கள்.

கரண்ட் போனதும் உள்ளே மின்விசிறி நின்றது. விசிறி நின்றால் என் மகன் எழுந்துவிடுவான். எழுந்தான். “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தான். வாசலை ஒட்டித் திறந்திருந்த கூடத்து ஜன்னலுக்கு ஓடினேன், என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தான். நான் வெளியே, அவன் உள்ளே. அது ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். சாவி இருந்த பீரோ உச்சி, ஸ்டூல் போட்டாலும் அவனுக்கு எட்டாது.

“கண்ணு, இங்க பாரு. கதவுல ஒரு உருண்டை இருக்குதில்ல? ஸ்டூல் போட்டு ஏறி அதத் திருப்பு.”

அவன் சிரிப்பு நின்றது. கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே பார்த்தான்.

“மாட்டேன். கை புடிச்சுக்கும்.”

“புடிக்காதுடா தங்கம். அம்மா சும்மா சொன்னேன். பொய் அது.”

“பொய் இல்ல. நான் பாத்தேன்.”

அவன் சொன்னது சரிதான். யாரும் தொடாமல் கதவு மூடுவதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். நேற்று அது கோபமாக மூடியதையும் பார்த்தான். அதற்கு எதிராக என்னிடம் ஒரு வார்த்தைதான் இருந்தது. அதுவும் முன்பு வேறு மாதிரி சொன்ன வாயிலிருந்து வருகிற வார்த்தை.

“டேய், சாக்லேட்டு தரேன்டா!” என்றார் அண்ணன். “சைக்கிள் வாங்கித் தரேன்டா!”

அவன் இன்னும் இரண்டடி பின்னால் போனான். சமையலறைப் பக்கமாக.

அண்ணன் கடையிலிருந்து கடப்பாரை எடுத்து வந்து கதவில் ஒரு அடி வைத்தார். வீடே அதிர்ந்தது. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகன் வீறிட்டு, சமையலறை வாசலில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தான்.

“ஐயோ அடிக்காதீங்க! அங்க போறான்!”

“இரும்பு பொறி பறக்கும்யா, எடு அத!” என்று குப்பை வண்டி அக்கா கடப்பாரையைப் பிடுங்கிக் கீழே போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னாம்மா சொல்லி வெச்ச புள்ளகிட்ட?” என்றார். சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “எல்லாரும் சொல்றதுதான். இப்ப அதையே மாத்திச் சொல்லு” என்றார்.

மகன் இருமினான். அந்த இருமலில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டேன்.

“கண்ணு, அந்தக் கை இப்ப எப்படி இருக்குது? நீட்டிக்கினு இருக்குதா, மடங்கிக்கினு இருக்குதா?”

அவன் முழங்காலிலிருந்து முகத்தைத் தூக்கினான். “மடங்கி.”

“கதவு சாத்தியிருந்தா அது மடங்கித் தூங்கும். தொறந்தாதான் முழிச்சுக்கும்.”

“தூங்குதா?”

“ஆமா.”

“கொறட்ட விடல?”

“கைக்கு ஏதுடா வாயி?” என்றார் அக்கா.

அவன் யோசித்தான். எழுந்து ஒரு அடி வந்தான். குப்பை வண்டி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அவன் நின்றுவிட்டான்.

“பாட்டு போடறாங்க. முழிச்சுக்கும்.”

அக்கா வண்டிக்கு ஓடினார். பாட்டு நின்றது. தீயணைப்பு நிலையத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். அவர் போனோடு தெருவின் மறுகோடிக்குப் போனார். கூடியிருந்தவர்கள் ஒருவரும் பேசவில்லை. ஒரு குளோசர் தூங்குவதற்காக எங்கள் தெரு முழுக்க மூச்சடக்கி நின்றது. இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் ஸ்டூலின் காலைத் தரையில் இழுக்கும் சத்தம் மட்டும்.

இன்னொரு பயம் அப்போதுதான் வந்தது. கதவு உள்பக்கம் திறப்பது. அவன் ஸ்டூலின் மேல் நிற்கும்போது வெளியிலிருந்து தள்ளினால், கதவு அவனையே அடித்துத் தள்ளும். தள்ளாமல் விட்டால் அவன் கை எடுத்ததும் லாட்ச் மறுபடி விழுந்துவிடும். கதவில் கை வைத்து நின்ற அண்ணனுக்கு ஒரு விரலைக் காட்டினேன். விரல் அகலம் மட்டும். அவர் தலையாட்டினார். அக்கா தன் துடைப்பத்தின் மூங்கில் காம்பைக் கதவோரம் நீட்டிப் பிடித்தார்.

மகன் ஏறினான். மேலே பார்த்துக்கொண்டே, கையை மட்டும் நீட்டி, உருண்டையைத் தடவினான். திருப்பினான். வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்தான்.

நான் கையை ஆட்டினேன். அண்ணன் தள்ளினார். அக்கா காம்பைச் சொருகினார். குளோசர் தன் முழு பலத்தோடு திருப்பித் தள்ள, மூங்கில் நெரிந்து விரிசல் விட்டது, உடையவில்லை.

“எறங்கு கண்ணு. ஸ்டூல வுட்டுட்டு ஜன்னலாண்ட வா. அம்மாகிட்ட வா.”

அவன் இறங்கி என்னிடம் ஓடிவந்தான். கம்பி வழியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தது, ஸ்டூல் உருண்டது, அக்கா மூக்கில் துணியை வைத்துக்கொண்டு உள்ளே போய் ரெகுலேட்டரை மூடினார். அண்ணன் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார். விட்டால் அது மூடிக்கொள்ளும். சட்டையை விட எனக்கு விரல் வரவில்லை. “வுடும்மா, தூக்கியாறேன்” என்று அக்கா இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டேன். அவனை என் இடுப்பில் கொண்டுவந்து வைத்தார்.

தெருவில் யாரும் உரக்கப் பேச ஆரம்பிப்பதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. முதலில் குதித்தவர் என் தோள் வழியாக இருட்டிக் கிடந்த கூடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உள்ள இன்னும் யார்னா இருக்காங்களாம்மா?”

மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் காதருகே சாய்ந்து, மெதுவாகச் சொன்னான்.

“கை இருக்குது. முழிச்சுக்கிச்சு.”