அக்கா வேண்டாமென்ற வைத்தியம்

மலேசியாவில், மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் வீட்டு வாசலில் அக்கா வந்து நின்ற காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. மாமா, அதாவது அவள் கணவர், காதைத் தோட்டோடு சேர்த்து இழுத்திருந்தார். அவர்களுடைய ஒரே மகன் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மூழ்கிச் செத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் அவன். “ஆம்பளப் புள்ள வந்தாச்சு, போதும்லா” என்று அக்காவைக் கருத்தடை செய்துகொள்ளச் சொன்னவரே மாமாதான். பையன் போன பிறகு, அதே மனிதர் “வழிய அடைச்சிட்டு வந்தவதானே நீ” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். ரப்பர்ப் பால்வாளி சுமக்கும் கம்பாலும் அடித்திருக்கிறார். அப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள்.

கடைசியில், மறுபடி பிள்ளை பெற வழி கேட்டு, மாமாவோடு சிரம்பான் நகரில் ஒரு மலாய்க்காரப் பெண் டாக்டரிடம் போனோம். அவர் மலாயில் சொல்வதை அக்காவுக்கு விளக்கிச் சொல்ல நானும் கூடப் போனேன். வயிற்றைத் திறந்து, கட்டிய கருக்குழாய்களை மறுபடி இணைக்கலாம். ஆனால் குழாய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும், பிறகு கரு குழாயிலேயே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. இல்லையென்றால் கோலாலம்பூரில், கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைப்பார்கள். ஊசி மேல் ஊசி போட வேண்டும். அக்காவின் வயதுக்கு இரண்டிலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

“வெளிய எடுத்து எவனோடத கலப்பாங்களோ. வெட்டி இணைக்கச் சொல்லு” என்றார் மாமா.

டாக்டர் அக்காவின் காதைப் பார்த்தார். மாமாவை வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்கு எது வேண்டும் என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“எனக்கும் புள்ள வேணும்தான். செத்தவன் மூஞ்சி கண்ண விட்டுப் போக மாட்டேங்குது. ஆனா இந்தாளு கையில குடுக்க இன்னொண்ணு பெக்க மாட்டேன்.”

பஸ் நிலையத்தில் அவளே மாமாவிடம் சொன்னாள்: “ரெண்டும் வேணாம்னுட்டேன்.” அவர் அவள் முடியைப் பிடித்து முகத்தைப் பஸ்ஸின் தகரத்தில் இடித்தார். பல் ஒன்று விழுந்தது. தடுக்கப் போன என்னை வயிற்றில் உதைத்தார். நாலு பேர் அவரைப் பிடித்து இழுத்ததும், அக்கா ரத்தத்தைத் துப்பிவிட்டு, போர்டிக்சன் ஊருக்குப் புறப்படவிருந்த பஸ்ஸில் ஏறினாள். அங்கே எங்கள் சின்னம்மா இருந்தார். “புள்ளைங்கள நீ கூட்டிட்டு வந்துடு” என்றாள் என்னிடம். அன்று மாலையே கூட்டிப் போனேன்.

அங்கே அக்காவுக்கு ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் மாமா பாராங் என்ற நீள வெட்டுக்கத்தியோடு அங்கேயும் வந்தார். அக்காவின் தோளில் ஒரு வெட்டு விழுந்தது. கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அவள் அவர் மேல் வீசினாள். போலீஸ் கொண்டுபோன பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

பல வருடம் கழித்து, மூத்த மகளுக்குக் கல்யாணமாகியும் குழந்தையில்லை. எந்தச் சிகிச்சைக்குப் போவது என்று கேட்டு வந்தாள். அவளுடைய டாக்டர் சொன்ன எதையும் அக்கா விசாரிக்கவில்லை.

“மாப்ள உம்மேல கை வைப்பாரா?”

“இல்லம்மா. ஒருதடவகூட இல்ல.”

“அப்ப எது வேணும்னாலும் பண்ணு. நான் கூட வர்றேன்” என்றாள் அக்கா.